வெல்வெட் பொடி

தம்பிக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அக்காதான். பிற்பாடு ஆளாளுக்கு அவளிடம், "நீ என்ன பண்ணுவே, நல்லதுக்குத்தானே செஞ்சே" என்றார்கள். உண்மைதான், நல்லதுக்குத்தான் செய்தாள். அதை நினைத்து அவளுக்கு ஒரு நாளும் மனசு ஆறவில்லை.

அதற்கு முன்னால் அவன் தள்ளுவண்டியில் பிளாஸ்டிக் சாமான் விற்றுக்கொண்டிருந்தான். வாளி, மக்கு, கூடை, டப்பா, துணி காயப்போடும் கயிறு. வாய் சாமர்த்தியக்காரன். தெருமுனையில் நாலு பெண்கள் கூடினால் போதும், ஒரு வாளியை எடுத்து நடுரோட்டில் ஓங்கி அடிப்பான். அது துள்ளி உருண்டு சாக்கடை ஓரம் போய் நிற்கும். ஓடிப்போய் எடுத்து வந்து தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவான். "பாத்தீங்களா, ஒரு கீறல் இல்லை! துருப் பிடிக்காது, கரையான் அரிக்காது, தண்ணியில ஊறாது. மாமியார் எடுத்து எறிஞ்சாலும் உடையாது, மருமக எறிஞ்சாலும் உடையாது!" சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள்.

சாலையை அகலப்படுத்தியபோது தள்ளுவண்டிகளை எல்லாம் லாரியில் அள்ளிக்கொண்டு போனார்கள். அவன் வண்டியும் போயிற்று. இரண்டு மாதம் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்போது அவன் பெண்ணுக்கு மூன்று வயது. அக்கா தன் கம்பெனி சூப்பர்வைசரிடம் பேசினாள்.

அக்கா வேலை பார்த்தது நகைப் பெட்டி செய்யும் கம்பெனியில். மோதிரப் பெட்டி, சங்கிலிப் பெட்டி, கடிகாரப் பெட்டி. பெட்டிக்குள் விரிக்கும் வெல்வெட்டை வெட்டி, மடித்து, மூலை பிசகாமல் ஒட்டுவது அவள் வேலை. கணவன் இறந்த வருடம் சேர்ந்தாள். பிள்ளை குட்டி கிடையாது. அந்த மேஜையும் கத்தரிக்கோலும் பசை டப்பாவும்தான் அவளுக்கு எல்லாம் என்று ஆகிவிட்டிருந்தது.

அந்த வெல்வெட் நெய்கிற வெல்வெட் அல்ல. சாதாரணத் துணியில் பசை தடவி, கரண்ட் பாயும் இரண்டு தகடுகளுக்கு நடுவே விடுவார்கள். மேலிருந்து நைலான் பொடி கொட்டும். கரண்ட் வேகத்தில் ஒவ்வொரு பொடியும் ஊசி மாதிரி நிமிர்ந்து பசையில் குத்தி நிற்கும். அடுப்பில் காய்ந்து வெளியே வரும்போது துணி மெத்தென்று மயிலிறகு போல இருக்கும். கையால் தடவிப் பார்க்காத ஆள் கிடையாது.

அந்தப் பொடியைச் செய்யும் இடம் கட்டர் ரூம். ஆயிரக்கணக்கான நைலான் இழைகளை ஒன்றாகச் சேர்த்து வடம் மாதிரி ஒரு பக்கம் நுழைப்பார்கள். சுழலும் கத்தி அதை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நறுக்கித் தள்ளும். அங்கே ஜன்னல் கிடையாது. காற்று வந்தால் பொடி பறந்துவிடும் என்று அடைத்திருந்தார்கள்.

"தம்பியா? ஆள் திடமா இருக்கானா? கட்டருக்கு அனுப்பு" என்றார் சூப்பர்வைசர்.

அவன் சேர்ந்த முதல் நாள் சிவப்பு நைலான் வெட்டினார்கள். சாயங்காலம் அவன் கேட்டுக்கு வந்தபோது தலைமுடி, புருவம், காது மடல் எல்லாம் சிவப்பு. கண் மட்டும் வெள்ளையாக முழித்தது. காவலாளி விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் நீலம். அதற்கடுத்த நாள் கறுப்பு. அந்த வாரமே அவனுக்குக் 'கலர்' என்று பெயர் விழுந்துவிட்டது. தெருப் பிள்ளைகள் முனையில் நின்று இன்றைக்கு என்ன கலர் என்று பந்தயம் கட்டுவார்கள். அவனும் கோமாளி மாதிரி குனிந்து நிமிர்ந்து தன்னைக் காட்டிவிட்டுப் போவான்.

தட்டினால் அந்தப் பொடி போகாது. கம்பெனி கொடுத்த பாலிஸ்டர் சட்டையில் அப்படியே அப்பிக்கொள்ளும். தட்டின கையில் ஒட்டிக்கொள்ளும். "சட்டையும் பிளாஸ்டிக், பொடியும் பிளாஸ்டிக். ஒரே ஜாதி, ஒரே ரத்தம், எப்படிப் பிரியும்?" என்பான். வேலை முடிந்ததும் காற்றுக் குழாயைப் பிடித்து மெஷினையும் தரையையும் ஊதிவிட்டு, ஒருவரை ஒருவர் ஊதிக்கொள்வார்கள். அந்தப் பத்து நிமிடம் கட்டர் ரூமில் எதிரே நிற்கும் ஆள் தெரியாது. கொடுத்த மாஸ்க் அரை மணி நேரத்தில் அடைத்துக்கொள்ளும். அடைத்த மாஸ்க்கில் மூச்சு விட முடியாது, கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வார்கள்.

கழுவின தண்ணீர் பின்பக்கச் சாக்கடை வழியாகக் கால்வாய்க்குப் போகும். நாலாவது வருடமோ என்னவோ, அக்கா கால்வாய் ஓரத்தில் மீன் வாங்கி வந்தாள். சுத்தம் செய்ய உட்கார்ந்து செவுளைப் பிளந்தபோது உள்ளே பாசி மாதிரி ஏதோ அடைத்திருந்தது. விரலால் வழித்தாள். ஊதா. வயிற்றைக் கீறினாள், அங்கேயும் ஊதா. மாதக் கணக்கில் தன் கையால் மடித்து ஒட்டின ஊதா. அவளுக்குத் தெரியாத நிறமா அது?

தட்டோடு எடுத்துப் போய்த் தம்பியிடம் காட்டினாள். அவன் எட்டிப் பார்த்தான். "நம்ம போட்ட தீனிதான்! எப்படிக் கொழுத்திருக்கு பாரு" என்றான். தம்பி மனைவி முகத்தைச் சுளித்துக்கொண்டு, "தூரப் போடுங்க அண்ணி, பாப்பா தொட்டுடப் போறா" என்றாள். குப்பையில் போட்டுவிட்டு அன்றைக்கு முட்டை பொரித்துச் சாப்பிட்டார்கள். மீனுக்குள் போனது மனுஷனுக்குள்ளும் போகும் என்று மூன்று பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அக்கா இதை நினைத்துப் பல தடவை தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள்.

இருமல் ஐந்தாம் வருடம் மழைக்காலத்தில் வந்தது. எல்லாருக்கும்தான் வந்தது, எல்லாருக்கும் போனது. அவனுக்குப் போகவில்லை. வறட்டு இருமல். எப்போதாவது துப்பினால் அன்றைக்கு வெட்டின நிறத்தில் இருக்கும். "பாரு, துப்பினா கூட டிசைன்" என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது.

அவன் குடியிருந்தது மூன்றாவது மாடி. பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஏறுகிறவன், முதல் மாடியில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தான். பிறகு இரண்டாவது மாடியிலும் சரிசெய்தான். ஒரு நாள் பெண்தான் கேட்டாள்: "ஏம்ப்பா, புதுச் செருப்புதானே?"

பக்கத்து கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு நுரையீரலிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. சளியை மூன்று தடவை சோதித்தார்கள், ஒன்றும் இல்லை. "கிருமி மாட்டலைன்னாலும் படத்துல தெரியுதே" என்று சொல்லி டி.பி. மாத்திரை ஆரம்பித்தார்கள். சீட்டில் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதினார்கள். என்ன கூலி என்று கேட்கவில்லை.

டி.பி. என்ற வார்த்தை வீட்டுக்குள் வந்ததும் வீடே வேறு மாதிரி ஆகிவிட்டது. அவன் தட்டு தனி, டம்ளர் தனி, துண்டு தனி. பெண்ணை அக்கா தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் அவளை மூன்று மாடி ஏற்றி வாசலில் நிறுத்துவாள். அப்பா கட்டிலில், பெண் வாசற்படியில். நோட்டை விரித்துத் தலைக்கு மேல் பிடித்துக் காட்டுவாள். "இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடிடா கண்ணு, எழுத்து தெரியலை" என்பான். அவள் நுனிக்காலில் நிற்பாள். அவனுக்கு எழுத்து நன்றாகவே தெரிந்தது. அவள் அங்கேயே இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னான். ஒன்பது மாதம் இப்படி.

முதல் மாதம் வயிற்றுப் புண் என்று கம்பெனியில் பொய் சொல்லி லீவு போட்டான். அந்த மாதம் இருமல் குறைந்தது. இரண்டு மாடி நிற்காமல் ஏறினான். மாத்திரை வேலை செய்கிறது என்று எல்லாருக்கும் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்திலேயே வேலைக்குத் திரும்பினான். மூன்றே வாரத்தில் பழையபடி ஆனான். மாத்திரையை மாற்றினார்கள், இன்னும் மோசமானான். சட்டை தோளிலிருந்து சரிய ஆரம்பித்தது. விரல் நுனி உருண்டு நகம் கிளிமூக்கு மாதிரி வளைந்தது. ஒரு நாள் கட்டர் ரூமிலேயே விழுந்தான். தூக்கிய நாலு பேருக்கும் அவன் உதடு நீலமாக இருப்பது தெரியவில்லை. அன்றைக்கு வெட்டியது நீலம்.

பெரிய ஆஸ்பத்திரியில் நுரையீரல் டாக்டர் ஒரு பெண்மணி. எப்போதும் தூக்கம் பற்றாத முகம். படங்களைத் தேதி வாரியாக விளக்குப் பலகையில் மாட்டிவிட்டு, அவனைப் பார்த்து முதலில் கேட்டது இதுதான்: "என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னான். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"வேலைக்குப் போகாம எப்பவாவது வீட்டுல இருந்தீங்களா?"

"ஒரு மாசம் இருந்தேன்."

"அப்ப எப்படி இருந்தது?"

அக்காதான் சொன்னாள், "நல்லா இருந்தான்." சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

அந்தப் பொடி கொஞ்சம் வேண்டும் என்றார் டாக்டர். மறுநாள் அக்கா மாத்திரைக் கவரில் ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டு போனாள். கம்பெனியில் யாரிடமும் கேட்கவில்லை. தம்பியின் பையை உதறியதிலேயே அவ்வளவு கிடைத்தது. டாக்டர் அதை மைக்ரோஸ்கோப்பில் வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். நறுக்கின குச்சிகள் கும்பலாகக் கிடந்தன. சில குச்சிகளின் நுனி சரியாக வெட்டுப்படாமல் பிய்ந்து, அதிலிருந்து சுருள் சுருளாக மெல்லிய தும்புகள் நீட்டிக்கொண்டிருந்தன.

"பெருசு மூக்கோட நின்னுடும். அந்தச் சின்ன தும்பு இருக்கே, அதுதான் உள்ள போகுது. கத்தி மழுங்க மழுங்க அது நிறைய விழும். கத்தியை அடிக்கடி மாத்துவாங்களா?"

அக்காவுக்குச் சிரிப்பு வருவது போல இருந்தது. "ஓடுற வரைக்கும் ஓட்டுவாங்கம்மா."

"மரத்தூளோ பருத்தித்தூளோ உள்ளே போனாலும் கெடுதல்தான். ஆனா உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சுப் பாக்கும். இது நைலான். கரையாது, மக்காது. உடம்புக்கு இதை என்ன பண்றதுன்னே தெரியாது. சுத்திச் சுத்திப் புண்ணாகி அந்த இடம் தழும்பாயிடும். தழும்புக்குள்ள காத்து போகாது."

"கழுவி எடுக்க முடியாதா?"

"முடியாது."

"வெட்டி எடுத்துட்டா?"

"எதை விட்டுட்டு எதை வெட்டறது?" என்றார் டாக்டர். குரலில் எரிச்சல் இல்லை. பிறகு அவனிடமும் அவன் மனைவியிடமும் வெளிப்படையாகச் சொன்னார். ரெண்டு வருஷம் முன்னாடியே அந்த ரூமை விட்டு வெளியே வந்திருந்தால் பாதிக்கு மேல் சரியாகியிருக்கும். இப்போது இருப்பது குறையாமல் பார்த்துக்கொள்ளலாம். அதுவும் எவ்வளவு நாளைக்கு என்று சொல்ல முடியாது.

தம்பி மனைவி கேட்டாள், "அப்ப டி.பி.?"

"இது டி.பி. இல்லை. ஆரம்பத்துல இருந்தே இல்லைன்னுதான் நினைக்கிறேன்."

அவள் எழுந்து வெளியே வராந்தாவுக்குப் போனாள். அங்கே சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஒன்பது மாசம் தட்டைத் தனியா வெச்சேனே, ஒன்பது மாசம் தட்டைத் தனியா வெச்சேனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

உள்ளே தம்பி டாக்டரைப் பார்த்து, "அப்ப பாப்பாவைக் கூட்டிட்டு வந்துடலாமா?" என்று கேட்டான்.

அன்று சாயங்காலம் பெண் வழக்கம்போல வாசற்படியில் வந்து நின்றாள். உள்ளே வா என்றார்கள். அவள் வரவில்லை. அத்தை முகத்தைப் பார்த்தாள், அம்மா முகத்தைப் பார்த்தாள். பழகிப் போயிருந்தது. அவன்தான் எழுந்து போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தான்.

வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்தார்கள். மெஷினிலிருந்து மூக்குக்குக் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழாய். குழாய் எட்டும் தூரம்தான் அவன் போக முடியும். கட்டிலிலிருந்து ஜன்னல் வரைக்கும், சமையலறை வாசல் வரைக்கும் எட்டியது. குளியலறைக்கு ஒரு முழம் பத்தவில்லை. விரலால் அந்தக் குழாயை மடக்கிப் பார்த்து, பழைய வியாபாரி மாதிரி, "நல்ல சாமான்க்கா. வளையுது, உடையலை. இது ரப்பர்லயோ பித்தளையிலயோ இருந்தா என் மூக்கு என்னத்துக்காகும்!" என்றான். அக்காவும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் அவன் வருத்தப்படுவான்.

டாக்டர் தொழிலாளர் துறைக்குக் கடிதம் எழுதினார். இரண்டு மாதம் கழித்து ஆய்வுக்கு வருவதாகக் கம்பெனிக்குத் தகவல் வந்தது. நாலு நாள் முன்னாலேயே வந்தது. அந்த நாலு நாளும் கட்டரை நிறுத்தினார்கள். ஈரத்துணியால் சுவர் சுவராகத் துடைத்தார்கள். கத்தி மாற்றினார்கள். எங்கிருந்தோ ஒரு பெரிய விசிறி கொண்டுவந்து சுவரில் ஓட்டை போட்டு மாட்டினார்கள். எல்லாருக்கும் தடித்த புது மாஸ்க் கொடுத்தார்கள். கொடுத்தபோதே யார் யாருக்கு எத்தனை என்று எழுதி வைத்துக்கொண்டார்கள்.

வந்த அதிகாரி நல்ல மனுஷர். அதுதான் அக்காவுக்குப் பின்னால் தாங்க முடியாமல் போனது. கத்துகிற ஆளாக, கண்டுகொள்ளாத ஆளாக இருந்திருந்தால் பழியை அவர்மேல் போட்டிருக்கலாம். அவர் ஒவ்வொரு மேஜையாக வந்தார். அக்காவின் மேஜையில் நின்றார். பின்னால் சூப்பர்வைசர். அவருக்குப் பின்னால் வரிசையாக இருபத்திரண்டு பேர். எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையில்தான் ஒருத்தி அவள் கையைப் பிடித்து, "உன் தம்பிக்கு வந்தது வந்துடுச்சு. இதை மூடிட்டா நாங்க எல்லாம் எங்க போவோம், சொல்லு" என்று அழுதிருந்தாள்.

"கட்டர்ல வேலை பாத்தவர் உங்க தம்பியாம்மா?"

"ஆமாங்க."

"அந்த ரூம்ல பொடி பறக்குமா?"

அக்கா கையிலிருந்த துணியை மடித்தாள். மடித்ததைப் பிரித்தாள்.

"இல்லைங்க."

அவர் உடனே எழுதவில்லை. சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க" என்றார். அவர் நாலடி நகர்ந்தார். அதிகாரி குனிந்து, குரலைத் தணித்து மறுபடி கேட்டார். "பயப்படாதீங்க. பொடி பறக்குமா?"

அந்த இரண்டாவது தடவைதான் அவளை விடவில்லை. முதல் தடவை பயத்தில் வாய் தவறியது என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது தடவை அவர் அவளுக்காக வாசலைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். தம்பியின் மருந்துக்கு, மெஷினுக்கு, பெண்ணின் பள்ளிக்கூடத்துக்கு எல்லாம் இப்போது இந்த மேஜைதான் என்பது அவள் நினைவுக்கு வந்தது. கூடவே அந்த இருபத்திரண்டு பேர்.

"இல்லைங்க, அப்படியெல்லாம் ஒண்ணுமில்லை."

அவர் எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். புது மாஸ்க்குகளைச் சாயங்காலம் எண்ணி வாங்கிக்கொண்டார்கள்.

தம்பியிடம் மறைக்க அவளுக்கு மனசு வரவில்லை. சொன்னாள். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சரி விடு. நானா இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்" என்றான். அவள் அழுதாள். "விடுக்கா, மூக்கைச் சிந்து, டீ போடு" என்றான்.

அடுத்த வாரம் சூப்பர்வைசர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் குரலில் இத்தனை வருஷத்தில் கேட்காத கனிவு. "உன் குடும்பத்தை நாங்க நடுத்தெருவுல விட மாட்டோம்மா. முதலாளியே சொல்லிட்டாரு. தம்பி இடம் காலியாத்தானே இருக்கு, அவன் சம்சாரத்தை வரச் சொல்லு."

"கட்டருக்கா?"

"வேற எங்க இடம் இருக்கு?"

அக்கா அந்தச் செய்தியை வீட்டில் சொல்லாமல் மறைத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் அவர் ஏற்கெனவே ஆள் விட்டுச் சொல்லியிருந்தார். தம்பி மனைவி மாடிப்படியிலேயே அவளுக்காகக் காத்திருந்தாள். புருஷன் காதில் விழக் கூடாது என்று இரண்டு பேரும் முதல் மாடித் திருப்பத்தில் நின்று பேசினார்கள்.

"போகாதே. டாக்டர் சொன்னது உன் காதுலயும்தானே விழுந்தது?"

"விழுந்தது அண்ணி."

"அப்புறம்?"

"உங்க ஒருத்தர் சம்பளத்துல எத்தனை நாளைக்கு?"

"நான் பாத்துக்கறேன். வேற வேலை தேடலாம்."

"ரெண்டு மாசமா தேடிக்கிட்டுத்தான் இருக்கேன். உங்களுக்குத் தெரியாது." அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். அழவில்லை. சாமான் பட்டியல் வாசிப்பது போலச் சொன்னாள். "அவருக்கு இருமல் வர அஞ்சு வருஷம் ஆச்சு. படுக்கையில விழ ஏழு வருஷம். நான் பாத்துப் பாத்து, முகத்தைக் கட்டிக்கிட்டு வேலை செஞ்சா பத்து வருஷம் வரும்னு வெச்சுக்கங்க. பத்து வருஷத்துல பாப்பா படிச்சு முடிச்சு ஒரு வேலைக்குப் போயிடுவா. அது போதும்."

அக்கா மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். கணக்கில் தப்பே இல்லை.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனாள். மூன்று வரிசைகளில் மாறி மாறி நின்றாள். கடைசியில் ஒரு ஜன்னலில், அன்றைக்கு வந்த அதிகாரி மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். அவர் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை.

"நான் அன்னைக்குச் சொன்னது பொய். அதை மாத்திச் சொல்லணும்" என்றாள்.

ஜன்னலில் இருந்தவர் கம்ப்யூட்டரைத் தட்டினார். "புகாருக்கு ஆதாரம் இல்லைன்னு ஃபைலை மூடியாச்சும்மா. தொழிலாளிங்களே ஒண்ணுமில்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்காங்களே."

"நான்தான் அதுல ஒருத்தி."

"அப்ப புதுசா புகார் கொடுக்கணும். டாக்டர் கடிதம் புதுசா வேணும். வரிசைப்படிதான் எடுப்பாங்க."

தம்பி மனைவி திங்கட்கிழமை வேலைக்குச் சேர்ந்தாள். பெட்டி ஒட்டும் வேலை என்று புருஷனிடம் சொல்லியிருந்தாள். அக்காவும் ஆமாம் போட்டாள். கம்பெனிக் குழாயடியிலேயே தலையோடு குளித்து, உடை மாற்றி, பொடி படிந்த உடையை ஒரு கவரில் கட்டி அக்கா வீட்டில் வைத்துவிட்டுத்தான் மாடி ஏறுவாள். ஐந்து வாரம் அப்படிப் போயிற்று.

ஆறாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா அவனுக்கு ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். அதற்குள் அவனால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச முடியாமல் ஆகியிருந்தது. மனைவி பக்கத்து அறையில் பெண்ணுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். அவன் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினான்.

"அவ காதுல... பச்சை இருக்கு."

அக்கா கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெட்டி ஒட்டறவ காதுல... எப்படி வரும்?"

அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூச்சு வாங்கி முடிக்கும் வரை காத்திருந்து, கோபமே இல்லாத குரலில் சொன்னான்:

"அன்னைக்கு நீ சொல்லியிருக்கலாம்க்கா."

அதற்கப்புறம் பதினோரு நாள் இருந்தான். மனைவியிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பக்கத்தில் உட்காரச் சொல்வான். விரலை நக்கி அவள் காது மடலைத் துடைத்துவிடுவான். அவள் அதைக் கொஞ்சல் என்று நினைத்துக்கொள்வது போல இருந்துவிட்டாள். ஒரு வியாழக்கிழமை காலை, பெண் பள்ளிக்கூடம் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் போய்விட்டான். மெஷின் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அக்கா வந்துதான் அதை நிறுத்தினாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அக்கா டாக்டரைப் பார்க்கப் போனாள். புதுக் கடிதம் வேண்டும் என்றாள். டாக்டர் எழுதினார். இந்தத் தடவை நீளமாக எழுதினார். கொடுக்கும்போது காகிதத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, "இப்ப கேட்டா சொல்வீங்களா?" என்றார்.

"சொல்வேன்மா."

டாக்டர் தலையை ஆட்டினார். அக்காவை எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். எடுத்தாள். "உங்களுக்கு இப்ப சுத்தமா இருக்கு" என்றார். கடிதத்தை அக்கா ஜன்னலில் கொடுத்து நம்பர் வாங்கிக்கொண்டாள். மாற்றலாகிப் போன அதிகாரி இடத்துக்கு யாரும் இன்னும் வரவில்லை.

நேராக சூப்பர்வைசரிடம் போனாள். "தம்பி சம்சாரத்தை என் மேஜைக்கு மாத்துங்க. கட்டருக்கு நான் போறேன்."

"உனக்கென்ன பைத்தியமா? மூலை மடிக்க உன் கை மாதிரி வருமா?"

"ஒரு வாரத்துல அவளுக்குச் சொல்லிக் கொடுத்துடுவேன்."

"இந்த வயசுல அங்க நிக்க முடியுமா உன்னால?"

"எனக்கு நாப்பத்தாறுதான்."

அவர் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். "யாரோ ஒருத்தர் கட்டர்ல நின்னா சரி" என்று சொல்லிவிட்டு ஃபோனை எடுத்துக்கொண்டார்.

தம்பி மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. குழாயடியில் வைத்துச் சண்டை போட்டாள். "நீங்க யாரு எனக்காகச் சாக? உங்க தம்பி கேட்டாரா? நான் கேட்டேனா? அன்னைக்கு வாயைத் திறக்கலை, இப்ப வந்து..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"முழுசா சொல்லு. அது நியாயம்தான்" என்றாள் அக்கா. "உன் கணக்கைப் போட்டுப் பாத்தேன். சரியாத்தான் இருக்கு. ஆனா பத்து வருஷத்துல பாப்பா படிச்சு முடிச்சா, அப்புறம் அவளுக்கு அம்மா வேண்டாமா? எனக்கு அப்படி யாரும் படிச்சு முடிக்கணும்னு இல்லை."

அவள் ஈரத் தலையோடு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு வாரம் அக்கா அவளைத் தன் மேஜையில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தாள். "நகத்தால அழுத்தாதே, கோடு விழுந்துடும். விரல் சதையால தேய். பசையை ஓரத்துல இருந்து ஆரம்பி. ஆமா, அப்படித்தான்." தம்பி மனைவி முகத்தை நிமிர்த்தவே இல்லை. சொன்னதை எல்லாம் செய்தாள். அவள் கை வேகமான கை. நாலாவது நாளே மூலை பிசகாமல் வந்தது.

திங்கட்கிழமை காலை அக்கா கத்தரிக்கோலை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தாள். வரிசையில் இருந்த இருபத்திரண்டு பேரும் குனிந்து வேலை செய்தார்கள். அன்றைக்குக் கையைப் பிடித்து அழுதவளும் குனிந்துதான் இருந்தாள். கட்டர் ரூம் கதவு வரைக்கும் போனவளைப் பின்னாலிருந்து தம்பி மனைவி கூப்பிட்டாள்.

"அண்ணி. மாஸ்க் எடுத்துக்கிட்டீங்களா?"

"எடுத்துக்கிட்டேன்" என்றாள் அக்கா. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் கத்தி சுழல ஆரம்பித்தது.